மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி: வாஷிங்டன் மாநிலக் கவுண்டிகள் பற்றிக் கேள்வி பதில்

ஜனவரியில் மாநிலத் தலைநகர் ஒலிம்பியாவில் சட்டமன்றம் கூடும். பிப்ரவரி நடுவில் வீட்டுக்குச் சொத்து வரி பில் வரும். உடனே நம் வாட்ஸாப் குழுக்களில் கவுண்டியைத் திட்டும் படலம் தொடங்கிவிடும். இந்த மாநிலத்தில் ஒரு பெரிய கவுண்டியிலும், பிறகு ஒரு சின்னக் கவுண்டியிலும் நிதிப் பிரிவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள் நான். திட்டு போய்ச் சேர வேண்டிய விலாசம் பல நேரம் வேறு என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால், "கேள்விகளை மொத்தமாக அனுப்புங்கள்" என்றேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி (பெல்வியூ): அக்கா, கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம்தானே? கலெக்டர் மாதிரி இங்கே யார்?

வரைபடத்தில் பார்த்தால் மாவட்டம் மாதிரிதான். ஆனால் கலெக்டரை அரசு நியமிக்கிறது. இங்கே கவுன்சில், அசெசர் (சொத்து மதிப்பைக் கணக்கிடுகிறவர்), அரசு வழக்கறிஞர் எல்லோரும் ஓட்டு வாங்கி வருகிறவர்கள். அதனால் தனி ராஜ்ஜியம் போலத் தோன்றும். உண்மையில் கவுண்டி மாநிலம் பெற்ற பிள்ளை. மாநில அரசியலமைப்பும் சட்டமன்றமும் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் அதற்கு உண்டு. புதிதாக ஒரு வரி போடக்கூட ஒலிம்பியாவில் சட்டம் வேண்டும்.

மொத்தம் 39 கவுண்டிகள். 2020 கணக்கெடுப்பில் கிங் கவுண்டியில் 22,69,675 பேர். கார்ஃபீல்டு கவுண்டியில் 2,286 பேர். ஏறக்குறைய ஆயிரம் மடங்கு வித்தியாசம். சிறை, நீதிமன்றம், தேர்தல், வரி வசூல், சாலை என்று பொறுப்புப் பட்டியல் மட்டும் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கிங் உட்பட 7 கவுண்டிகளுக்குச் சொந்த சாசனம் உண்டு. நிர்வாக அமைப்பைத் தாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். மற்றவற்றில் பெரும்பாலும் மூன்று கமிஷனர்கள்தான் எல்லாம்.

ஒலிம்பியா போனால் ஒன்று கவனியுங்கள். சட்டமன்றக் கட்டடத்துக்கு நேர் எதிரே மாநில உச்ச நீதிமன்றம். அதற்கு 'டெம்பிள் ஆஃப் ஜஸ்டிஸ்' என்றே பெயர். அந்த இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் மத்தளம் மாதிரி மாட்டிக்கொண்டிருப்பது கவுண்டிகள்.

கேள்வி (சாமமிஷ்): அசெசர் எங்கள் வீட்டு மதிப்பை 20 சதவீதம் ஏற்றியிருக்கிறார். வரியும் 20 சதவீதம் ஏறுமா? ஒரு சதவீதத்துக்கு மேல் ஏற்றக் கூடாது என்று ஏதோ சட்டம் இருக்கிறதாமே?

இந்தக் கேள்வி வருடா வருடம் வருகிறது. அந்த 1 சதவீதம் உங்கள் பில்லுக்கான வரம்பு இல்லை. கவுண்டி மொத்தமாக வசூலிக்கும் தொகைக்கான வரம்பு. போன வருடம் 10 கோடி டாலர் வசூலித்த கவுண்டி இந்த வருடம் 10 கோடியே 10 லட்சம் வசூலிக்கலாம். புதிதாகக் கட்டிய வீடுகளின் வரி தனி. அந்தத் தொகையை எல்லா வீட்டு மதிப்பிலும் பங்கு போடுவார்கள். கவுண்டி முழுக்க எல்லா வீடும் 20 சதவீதம் ஏறியிருந்தால் உங்கள் பங்கு அப்படியே இருக்கும். மற்ற வீடுகளின் சராசரியைவிட உங்கள் வீடு அதிகம் ஏறியிருந்தால்தான் உங்கள் பங்கு கூடும். ஓட்டெடுப்பில் மக்களே கேட்டு வாங்கிய கூடுதல் வரிகளுக்கு இந்த வரம்பு பொருந்தாது என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த வரம்பு வந்த கதையைச் சொல்லாமல் விட மனசில்லை. 2001-இல் மக்கள் ஓட்டுப் போட்டு 747-ஆம் எண் முன்மொழிவை நிறைவேற்றினார்கள். 2007 நவம்பர் 8-ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. காரணம் வேடிக்கையானது. ஓட்டுக்கு விட்ட சட்ட வாசகம், வரம்பை 2 சதவீதத்திலிருந்து 1 ஆகக் குறைப்பதாகச் சொன்னது. ஆனால் அந்த 2 சதவீதச் சட்டம் ஏற்கெனவே நீதிமன்றத்தில் நின்றுபோயிருந்தது. உண்மையில் நடப்பிலிருந்தது 6 சதவீதம். எதிலிருந்து எதற்குக் குறைக்கிறோம் என்பதை மக்களிடம் சரியாகச் சொல்லவில்லை என்றது நீதிமன்றம்.

அப்பாடா என்று கவுண்டிகள் மூச்சு விட்டது மூன்று வாரம்தான். ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டினார். நவம்பர் 29-ஆம் தேதி ஒரே நாளில் சட்டமன்றம் அதே 1 சதவீதத்தைத் திரும்பச் சட்டமாக்கிவிட்டது. நீதிமன்றம் திறந்த கதவைச் சட்டமன்றம் சாத்தியது. இன்றுவரை அதுதான் நடப்பு. 2025-இல் வரம்பைத் தளர்த்தி 3 சதவீதம்வரை போகவிட ஒரு மசோதா வந்தது; தேறவில்லை.

சம்பளமும் மருத்துவக் காப்பீடும் வருடம் 4 சதவீதம் ஏறுகிறது என்று வையுங்கள். வரவு 1, செலவு 4. நான் வேலை பார்த்த சின்னக் கவுண்டியில் ஒவ்வொரு அக்டோபரும் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு யாருடைய வேலையை நிரப்பாமல் விடலாம் என்று பார்ப்போம். வாரத்தில் ஒரு நாள் கவுன்டர் மூடியிருந்தால் வாசலில் நின்று எங்களைத்தான் வைவார்கள்.

கேள்வி (அவரேதான்): ஒரு சதவீதம்தான் என்றால் 2018-இல் எங்கள் பில் ஏன் ஒரேயடியாக எகிறியது?

மடக்கிவிட்டதாக நினைக்க வேண்டாம், நல்ல கேள்வி! அதில் கவுண்டியின் கை மிகக் கொஞ்சம். உங்கள் சொத்து வரியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்குப் போகிறது. பில்லில் கவுண்டியின் பெயர் அச்சாகியிருப்பது அது எல்லோருக்கும் சேர்த்து வசூல் செய்து கொடுப்பதால்.

2012 ஜனவரியில் மெக்கிளியரி வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம், பள்ளிக் கல்விக்கு மாநிலம் போதிய பணம் ஒதுக்கவில்லை, இது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. சட்டமன்றம் இழுத்தடித்தது. 2014-இல் நீதிமன்ற அவமதிப்பு என்று சொன்னார்கள், அதற்கும் அசையவில்லை. 2015 ஆகஸ்ட் முதல் நாளொன்றுக்கு 1,00,000 டாலர் அபராதம் போட்டார்கள். கடைசியில் 2017-இல், மூன்று சிறப்புக் கூட்டங்களுக்குப் பிறகு, மாநிலப் பள்ளி வரியை உயர்த்தி ஒரு சட்டம் வந்தது. உள்ளூர்ப் பள்ளி வரியைக் குறைக்கும் பகுதி 2019-இல்தான் அமலானது. நடுவில் மாட்டிய வருடம் 2018. இரண்டையும் சேர்த்துக் கட்டினோம். கிங் கவுண்டியில் அந்த வருட மொத்தச் சொத்து வரி 17 சதவீதம் அளவுக்கு ஏறியது. தொலைபேசியில் திட்டு வாங்கியவர்கள் மட்டும் கவுண்டி ஊழியர்கள்.

கேள்வி (பெல்லிங்ஹாம்): வாட்கம் கவுண்டியில் 5 ஏக்கர் பார்த்திருக்கிறோம். ஊர்க் குழாய் கிடையாது, போர் போட வேண்டும். 'ஹர்ஸ்ட்' பற்றி விசாரித்துக்கொள்ளுங்கள் என்கிறார் ஏஜென்ட். அது என்ன?

நல்ல ஏஜென்ட், விட்டுவிடாதீர்கள்.

இந்த மாநிலத்தில் 1945-இலிருந்து நிலத்தடி நீருக்கு அனுமதி வேண்டும். ஆனால் வீட்டுக் கிணறு ஒரு நாளைக்கு 5,000 கேலனுக்குள் எடுத்தால் விலக்கு. பர்மிட் கொடுக்கும்போது கவுண்டிகள் மாநிலச் சூழலியல் துறையின் விதியைப் பார்த்துவிட்டு முத்திரை குத்திக்கொண்டிருந்தன. 2016 அக்டோபர் 6-ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றம் ஹர்ஸ்ட் வழக்கில், அது போதாது என்றது. புதுக் கிணறு ஆற்று நீரைக் குறைக்காது, முன்பே நீர் உரிமை பெற்றவர்களைப் பாதிக்காது என்பதைக் கவுண்டியே சொந்தமாக உறுதிசெய்ய வேண்டுமாம். பர்மிட் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு நீரியல் தெரியுமா? நிலத்தடி ஓட்டத்தைக் கணக்கிட எந்தக் கவுண்டியிடம் ஆள் இருந்தது?

விளைவு, கிராமப்புறங்களில் பர்மிட் அப்படியே உறைந்தது. வீடு கட்ட நிலம் வாங்கி வைத்திருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஒலிம்பியாவில் ஒரு கட்சி, இதற்குத் தீர்வு காணாமல் மூலதன பட்ஜெட்டை, அதாவது பள்ளி போன்ற கட்டடங்களுக்கான பட்ஜெட்டை, விட மாட்டோம் என்றது. கிணற்றுக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் சுமார் 400 கோடி டாலர் பட்ஜெட் 2017 முழுக்க நின்றது. பள்ளிக் கட்டடங்கள் காத்துக்கிடந்தன. 2018 ஜனவரியில்தான் சமரசம். ஆறுகளைச் சீர்செய்ய 15 வருடத்தில் 30 கோடி டாலர், பல நீர்ப்பகுதிகளில் புதுக் கிணற்றுக்கு 500 டாலர் கட்டணம், ஒரு நாளைக்கு எடுக்கும் நீருக்கு இடத்தைப் பொறுத்து 950 அல்லது 3,000 கேலன் வரம்பு.

நிலத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன்பு கவுண்டி திட்டமிடல் அலுவலகத்தில் அந்த நிலம் எந்த நீர்ப்பகுதியில் வருகிறது, என்ன வரம்பு என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி வேண்டாம்.

கேள்வி (ஸ்போகேன்): போதைப்பொருள் சட்டத்தை நீதிமன்றம் ரத்து செய்தால் அது சட்டம் போட்டவர்கள் பாடு. கவுண்டிக்கு அதில் என்ன செலவு?

உங்கள் ஊரில் தொடங்கிய வழக்குதான். தோழி கொடுத்த ஜீன்ஸின் குட்டிப் பையில் ஒரு பொட்டலம் இருந்தது. அது இருந்ததே தனக்குத் தெரியாது என்றார் அந்தப் பெண். தெரிந்து வைத்திருந்தாரா, தெரியாமலா என்று மாநிலத்தின் சட்டம் கேட்கவே இல்லை. 2021 பிப்ரவரி 25-ஆம் தேதி, பிளேக் வழக்கில், அந்தச் சட்டமே செல்லாது என்றது மாநில உச்ச நீதிமன்றம். இனிமேல் செல்லாது என்பதோடு நிற்கவில்லை. முன்பு கொடுத்த தண்டனைகளும் செல்லாமல் போயின. 1971-இலிருந்து ஐம்பது வருடத்துத் தண்டனைகள்!

இப்போது செலவைப் பாருங்கள். பழைய கட்டுகளைப் பரணிலிருந்து இறக்க வேண்டும். ஒவ்வொரு வழக்கிலும் அரசு வழக்கறிஞர் மனுப் போட வேண்டும், எதிர்த்தரப்புக்கு இலவச வழக்கறிஞர் வேண்டும், நீதிபதி கையெழுத்திட வேண்டும். வேறு குற்றத்துக்கான தண்டனையைக் கூட்ட இந்தப் பழைய குற்றம் காரணமாக இருந்திருந்தால் அதையும் திரும்பக் கணக்கிட வேண்டும். கட்டிய அபராதத்தைத் திருப்பித் தர வேண்டும். இந்த ஊழியர்கள் எல்லோரும் கவுண்டிச் சம்பளத்தில் இருப்பவர்கள். நல்லவேளை, இதில் சட்டமன்றம் அந்த வருடமே பணம் ஒதுக்கியது. இப்படி எப்போதும் நடப்பதில்லை.

அடுத்து என்ன சட்டம் என்பதில் இன்னொரு குழப்பம். 2021-இல் ஒரு தற்காலிகச் சட்டம். 2023 ஜூலை 1-ஆம் தேதி காலாவதி என்று அதிலேயே எழுதியிருந்தது. 2023 வழக்கமான கூட்டத்தின் கடைசி நாளில் மாற்று மசோதா தோற்றது. காலாவதி ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கவுண்டிகளும் நகரங்களும் ஆளுக்கொரு உள்ளூர்ச் சட்டம் எழுதத் தயாரானார்கள். மே 16-ஆம் தேதி ஆளுநர் சிறப்புக் கூட்டம் கூட்டி, ஒரே நாளில் சட்டம் நிறைவேறியது. நடுவிலிருந்த அந்த மூன்று வாரத்தில் எத்தனை மாதிரி பட்ஜெட் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஒன்றுக்கும் உதவாமல் குப்பைக்குப் போயிருக்கும்.

கேள்வி (ரெட்மண்ட்): 2026 ஜனவரியிலிருந்து கிங் கவுண்டியில் விற்பனை வரி 0.1 சதவீதம் கூடியது. யாரைக் கேட்டு?

உங்களைக் கேட்க வேண்டாம் என்று சட்டமன்றம் சொல்லிவிட்டது. 2025 கூட்டத்தில் நிறைவேறிய சட்டம், குற்றவியல் நீதிச் செலவுகளுக்காகக் கவுன்சில்களே ஓட்டெடுப்பு இல்லாமல் இந்த 0.1 சதவீதத்தைப் போட அனுமதித்தது. கிங் கவுண்டி அதே ஜூலையில் பயன்படுத்திக்கொண்டது. 100 டாலருக்குப் பத்து சென்ட்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. வழக்கறிஞர் வைக்க வசதியில்லாத, குற்றம் சாட்டப்பட்டவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் வைத்துக் கொடுக்க வேண்டும் என்பது 1963-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிடியன் வழக்கில் சொன்னது. இந்த மாநிலத்தில் அந்தச் செலவில் பெரும்பங்கு கவுண்டிகளின் தலையில்தான். 2025 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் ஒரு உத்தரவு போட்டது. ஒரு வழக்கறிஞர் வருடத்துக்கு 150 பெரிய குற்ற வழக்குகள்வரை பார்க்கலாம் என்றிருந்ததை, பத்து வருடத்துக்குள் 47 புள்ளிகளாகக் குறைக்க வேண்டும். புள்ளி என்பது வழக்கின் கனத்தைப் பொறுத்தது. கொலை வழக்கு ஒன்றே பல புள்ளிகளைத் தின்றுவிடும்.

உத்தரவில் நியாயம் இருக்கிறது. 150 வழக்கு வைத்திருப்பவர் கட்சிக்காரரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் வழக்கறிஞர் எண்ணிக்கையை இரண்டு மூன்று மடங்காக்கப் பணம் எங்கே? கேஸ்கேட் மலைக்கு அந்தப் பக்கத்துச் சின்னக் கவுண்டிகளில் பணம் இருந்தாலும் ஆள் கிடைக்காது. சியாட்டிலை விட்டு வர யார் தயார்?

கேள்வி (பாதெல்): மாநிலம் வேலை சொன்னால் மாநிலம்தானே பணம் தர வேண்டும்? கவுண்டிகள் கேஸ் போடலாமே?

போட்டார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சட்டமன்றம் பரிமாறும்போது வேறு என்ன செய்வார்கள்? புது வேலை சுமத்தினால் முழுச் செலவையும் தர வேண்டும் என்று மாநிலச் சட்டப் புத்தகத்திலேயே ஒரு விதி இருக்கிறது. 2017-இல், 15,000 வாக்காளருக்கு ஒன்று என்ற கணக்கில் கவுண்டிகள் தெருவோர வாக்குப்பெட்டிகள் வைக்க வேண்டும் என்று சட்டமன்றம் சொன்னது. கான்கிரீட் போட்டு நிறுத்திய கனமான இரும்புப் பெட்டி. அதைத் திறந்து எடுக்க ஆள், வண்டி. செலவைக் கேட்டு கவுண்டிகளின் சங்கம் வழக்குப் போட்டது. 2022-இல் மாநில உச்ச நீதிமன்றம், மாநிலம் திருப்பித் தர வேண்டியதில்லை என்றது. அந்த விதி அரசியலமைப்பில் இல்லை, சாதாரணச் சட்டத்தில் இருக்கிறது என்பதுதான் அதன் பலவீனம். தான் எழுதியதைத் தானே மாற்றிக்கொள்ளச் சட்டமன்றத்துக்கு எப்போதும் முடியும்.

பெட்டிகளை நான் குறை சொல்லவில்லை. நானே நூலக வாசலில் உள்ள பெட்டியில்தான் போடுகிறேன்.

கேள்வி (கென்ட்): வரி கட்டத் தவறினால் வீட்டைக் கவுண்டி எடுத்துக்கொள்ளுமா? அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஏதோ கேஸ் வந்ததே.

அது மின்னசோட்டாவின் ஹென்னெபின் கவுண்டி. 94 வயது மூதாட்டி ஒருவரின் அடுக்குமாடி வீட்டு வரி பாக்கி சுமார் 2,300 டாலர்; வட்டி, அபராதம் சேர்ந்து 15,000 ஆனது. கவுண்டி வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மிச்சம் 25,000-ஐயும் தானே வைத்துக்கொண்டது. மாநிலச் சட்டம் அப்படி அனுமதித்தது. 2023 மே மாதம் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, மிச்சத்தை வைத்துக்கொள்வது அரசியலமைப்புக்கு விரோதம் என்றார்கள். இதே மாதிரிச் சட்டம் வைத்திருந்த பல மாநிலங்கள் அதைத் திருத்த வேண்டிவந்தது. மிச்சிகனில் இதற்கும் மேலே: 8 டாலர் 41 சென்ட் பாக்கிக்காக ஓக்லண்டு கவுண்டி வீட்டை 24,500 டாலருக்கு விற்று முழுவதையும் வைத்துக்கொண்டது. 2020-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தடுத்தது.

நம் மாநிலத்தில் மூன்று வருடம் பாக்கி வைத்தால்தான் ஏலம். வரியும் செலவும் போக மிச்சம் உரிமையாளருக்கு. ஏப்ரல் 30, அக்டோபர் 31. இரண்டு தேதியையும் ஃபோனில் போட்டு வையுங்கள், அங்கேவரை போக வேண்டாம்.

கேள்வி (பெல்வியூ): நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். இதிலெல்லாம் நான் பேச முடியுமா?

ஓட்டுத்தான் போட முடியாது. மசோதா விசாரணையில் கருத்துச் சொல்லக் குடியுரிமை கேட்பதில்லை. சட்டமன்ற இணையதளத்தில் பதிவு செய்து வீட்டிலிருந்தே பேசலாம், அல்லது ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துவிட்டுப் போகலாம். ஒற்றைப்படை வருடத்தில் 105 நாள், இரட்டைப்படை வருடத்தில் 60 நாள் கூட்டம். மசோதா தொடங்கும் அவையில் குழு விசாரணைகள் முதல் சில வாரத்திலேயே முடிந்துவிடும். மார்ச்சில் விழித்துக்கொண்டு மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் பேருந்து போனபின் கை காட்டுகிறவர்கள். மசோதா பக்கத்தில் 'உள்ளாட்சி நிதிக் குறிப்பு' என்று ஒன்று இருக்கும். கவுண்டிக்கு எவ்வளவு செலவு என்று அதில் போட்டிருப்பார்கள். மசோதாவைவிட நான் முதலில் படிப்பது அதைத்தான்.

கேள்வி (ரென்டன்): என் மகள் பள்ளியில் கேட்டார்களாம்: கிங் கவுண்டி மார்ட்டின் லூதர் கிங்கின் பெயரா, வேறு கிங்கா?

இரண்டும். 1852-இல் வைத்தது அலபாமாவின் வில்லியம் ரூஃபஸ் கிங் பெயரை. துணை ஜனாதிபதியாகத் தேர்வாகியிருந்தவர், அடிமைகளை வைத்திருந்தவர். 1986-இல் கவுண்டி கவுன்சில், இனி இது மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர் என்று தீர்மானம் போட்டது. ஆனால் கவுண்டியின் பெயரைக் கவுண்டியே மாற்றிக்கொள்ள முடியாது. அதற்கும் ஒலிம்பியா வேண்டும். சட்டமன்றம் ஒப்புக்கொண்டு சட்டமாக்கியது 2005-இல். எழுத்துகூட மாறவில்லை, எந்தப் பெயர்ப்பலகையையும் கழற்ற வேண்டியிருக்கவில்லை. அதற்கே 19 வருடம். மகளிடம் இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.